வ.உ.சி. பூங்கா: கேளுங்க, சொல்றேன்

கோயமுத்தூர்ல முப்பது வருசம் தாவரவியல் வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்றவன் நான். லீவு விட்டதும் ஆளாளுக்கு வ.உ.சி. பூங்காவைப் பத்திக் கேக்கறீங்க. இங்கயே சொல்லிடறேன்.

கேள்வி (தாராபுரம்): ஏனுங்க வாத்தியாரே, பசங்களைக் கூட்டிட்டு வர்றோம். அங்க மிருகக்காட்சிசாலை திறந்திருக்குதுங்களா?

பதில்: இல்லைங்க. மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022-ல் அங்கீகாரத்தை ரத்து பண்ணிருச்சு. சுமார் நாலரை ஏக்கர்ல விலங்குகளை அடைச்சு வெச்சா வேற என்ன நடக்கும்? வண்டலூர் மாதிரியான இடங்களுக்குப் பிரிச்சு அனுப்பிட்டாங்க. புள்ளிமான்கள் சிறுவாணி அடிவாரக் காட்டுக்குப் போயிருச்சு. எனக்கு அதுல வருத்தமே இல்லை. பசங்க ஓடி விளையாடட்டும். ஒண்ணு மட்டும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போயிராதீங்க.

கேள்வி (ஈரோடு): பஸ்ல வந்தா எப்படிங்க போறது?

பதில்: காந்திபுரத்துல இறங்கி நடந்தே போயிரலாம். நேரு ஸ்டேடியம்னு கேட்டாலும் வழி சொல்வாங்க, பக்கத்துலதான்.

கேள்வி (கோபி): வ.உ.சி. இழுத்த செக்கு பூங்காவுல எந்தப் பக்கம் இருக்குதுங்க? போன தடவை தேடித் தேடிக் கால் வலிச்சதுதான் மிச்சம்.

பதில்: எந்தப் பக்கமும் இல்லைங்க. பூங்காவுல இருக்கறது அவர் பேரும் சிலையும்தான். 150-ஆவது பிறந்த ஆண்டுக்கு அரசு அறிவிச்ச முழு உருவச் சிலை அது. செக்கு மத்தியச் சிறைக்குள்ள இருக்கு. 1908 ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே நாப்பது வருசத் தண்டனை கொடுத்தார். அடுத்த ரெண்டு நாள்ல இந்த ஊர்ச் சிறைக்குக் கொண்டு வந்துட்டாங்க. 1910 டிசம்பர்ல கண்ணூருக்கு மாத்தற வரைக்கும் இங்கதான். மேல்முறையீட்டுல தண்டனை குறைஞ்சு, 1912 டிசம்பர்ல வெளிய வந்தார். ஊர்க்காரங்க கை கொடுக்காம இல்லை. பெரியபுராணத்துக்கு உரை எழுதின நம்மூர் வக்கீல் சி.கே. சுப்பிரமணிய முதலியார் அவருக்குப் பக்கபலமா இருந்தார். இன்னொண்ணு கவனிச்சீங்களா? சிறை கட்டினது 1872. அவர் பொறந்ததும் 1872.

கேள்வி (சிங்காநல்லூர்): தப்புங்க ஐயா. அந்தச் செக்கு சென்னை காந்தி மண்டபத்துல இருக்கு. நானே தொட்டுப் பாத்திருக்கேன்.

பதில்: நீங்க பாத்ததும் நிசந்தானுங்க. கிண்டியிலயும் ஒரு செக்கு வெச்சிருக்காங்க.

கேள்வி (கோபி): அப்ப ஏதோ ஒண்ணு பொய்தானுங்களே?

கேள்வி (சிங்காநல்லூர்): எங்களுது பொய்யின்னு யாருங்க சொன்னா?

பதில்: ‘எங்களுது’ன்னா என்னங்க, நீங்களும் கோயமுத்தூர்தானே! ரெண்டு கல்லையும் தராசுல வெச்சு யாரு ஜெயிச்சான்னு பாக்க நான் வரலை. வெயில்ல மாட்டுக்குப் பதிலா மனுசனைப் பூட்டி இழுக்க வெச்சாங்க. கல்லு எந்த ஊர்ல இருந்தா என்ன, இழுத்தது இந்தச் சிறையிலதான். அனுமதி இல்லாம உள்ள போக முடியாது. குழந்தையைத் தோள்ல தூக்கிட்டு வாசல்ல போயி நிக்காதீங்க, அது இன்னும் கைதிகள் இருக்கற சிறை.

கேள்வி (பல்லடம்): சார், ஜூ திறந்திருக்கா?

பதில்: மேல படிங்க.

கேள்வி (மேட்டுப்பாளையம்): எம்பட பொண்ணுக்கு மரம், செடின்னா உசுரு. பூங்காவை விட்டா வேற எங்க போலாமுங்க?

பதில்: வாங்க அம்மிணி, இப்பதான் எனக்குப் பிடிச்ச கேள்வி வந்திருக்கு. ஆர்.எஸ். புரத்துல வனக் கல்லூரி வளாகத்துக்குள்ள கேஸ் வன அருங்காட்சியகம் இருக்கு. எச்.ஏ. கேஸ்ங்கற வன அதிகாரி ஆரம்பிச்சு, 1902-ல் ஆளுநர் ஆம்ப்தில் திறந்து வெச்சது. பாடம் பண்ணின காட்டெருமை முன்னால பசங்க அசந்து நிப்பாங்க. ஆனா நான் அங்க போனா மர மாதிரிகளை விட்டு நகர மாட்டேன். தேக்கும் ஈட்டியும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். பொண்ணை அந்த மரத்துல ஓடற ரேகையைப் பாக்கச் சொல்லுங்க.

அங்க உலர்த்தின செடிகளைச் சேத்து வெச்ச தாவரத் தொகுப்பும் உண்டு, ஃபிஷர் பேர்ல. இந்த ஃபிஷர் யாருங்கறீங்களா? சென்னை மாகாணத்துச் செடி கொடியெல்லாம் பட்டியல் போட்டு எழுதற வேலையை 1915-ல் கேம்பிள் ஆரம்பிச்சார். பாதியில, 1925-ல் செத்துப்போனார். விட்ட இடத்துல எடுத்து 1936-ல் முடிச்சு வெச்சவர் ஃபிஷர். இன்னைக்கும் ஒரு பூ பேரு தெரியலைன்னா நாங்க புரட்டற புத்தகம் அதுதான். லீவு நாள் பாத்துட்டுப் போங்க, பூட்டின கதவைப் பாத்துட்டுத் திரும்பினவங்க நிறையப் பேரு. நேரம் மிஞ்சினா வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவையும் சேத்துக்கலாம்.

கேள்வி (அவினாசி): வெளிய ரோட்டுக்கடைக் காளான் நல்லா இருக்குமுங்களா?

பதில்: நல்லா இருக்கும். அதுல முட்டைக்கோஸ்தான் அதிகம்னு தெரிஞ்சே சாப்பிடுங்க.

கேள்வி (உடுமலை): ஊட்டி பொட்டானிக்கல் கார்டனுக்கு எந்த மாசம் போகலாம்?

பதில்: அது மலைமேல இருக்கற கதைங்க. நீலகிரிக்காரங்களைக் கேளுங்க.

கேள்வி (திருப்பூர்): குட்டி ரயில் ஓடுதுங்களா சார்?

பதில்: குழந்தைகிட்ட சத்தியம் பண்ணிக் கூட்டிட்டுப் போகாதீங்க. டிக்கெட் கவுண்டர்ல கேட்டுட்டு அப்புறம் ஆசை காட்டுங்க.

கேள்வி (கரூர்): ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரலாம்னு இருக்கோம். மிருகக்காட்சிசாலை எத்தனை மணி வரைக்குங்க?

பதில்: ரெண்டு தப்பையும் ஒரே வரியில பண்ணிட்டீங்களே! சனிக்கிழமை காலையில வாங்க. மான் சிறுவாணிப் பக்கம் அது பாட்டுக்கு மேயட்டும்.