மைட்டோகாண்ட்ரியா பரிசோதனை ‘நார்மல்’. பிறகு எதற்கு இன்னொரு சோதனை?

கேள்வி: என் மகனுக்குப் பேசப் பழகிய பின், நான்கு வயதில் காது மந்தமானது. இப்போது பதினாறு வயதில் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது. என் தம்பிக்கும் சிறுவயதிலேயே காது கேட்காமல் போனது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பரிசோதனையில் குறையில்லை என்று வந்தும், நரம்பியல் மருத்துவர் எக்ஸோம் பரிசோதனை செய்யச் சொல்கிறார். இந்தச் செலவு அவசியமா, டாக்டர்?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அவசியம் என்பதே என் கருத்து. முதல் அறிக்கையில் தவறில்லை. ஆனால் அது பார்த்த இடம் மிகச் சிறியது. செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா தன் சொந்த டி.என்.ஏ.வைக் கொண்டு தயாரிப்பவை 13 புரதங்கள் மட்டுமே. அதற்குத் தேவையான மற்ற ஆயிரத்துச் சொச்சம் புரதங்களின் மரபணுக்கள் செல்லின் உட்கருவில் இருக்கின்றன. மரபணுக்களில் புரதத்துக்கான குறிப்புள்ள பகுதிகளைப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனை தேடுவது அங்கேதான். அந்தப் புரதங்கள் வெளியே சைட்டோபிளாசத்தில் உருவாகி, பிறகுதான் உள்ளே நுழைகின்றன.

அவற்றில் பலவற்றின் முனையில் முகவரியாகச் செயல்படும், நேர்மின்னேற்றம் கொண்ட ஒரு சிறு தொடர் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவைச் சூழ்ந்த இரு சவ்வுகளில், வெளிச்சவ்வின் ‘டாம்’ வாயில் அதை அடையாளம் கண்டதும், புரதம் மடிப்பு விரிந்து, ஊசிக் காதில் நூல் நுழைவதுபோல உள்ளே செல்கிறது. உட்சவ்வின் ‘டிம்’ வாயிலில் சவ்வின் மின்னழுத்தமும் ஏ.டி.பி. ஆற்றலும் அதை இழுத்துக்கொண்ட பின், முகவரித் தொடர் வெட்டி நீக்கப்படுகிறது. உட்சவ்விலேயே பதிய வேண்டிய சில புரதங்களின் பாடுதான் திண்டாட்டம். நீரோடு ஒட்டாத அவை, இரு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட வெளியைத் துணையின்றிக் கடந்தால் திரண்டு வீணாகிவிடும். அவற்றைத் தாங்கிச் செல்லும் சிறு புரதங்களுள் ஒன்றின் மரபணுவான டி.ஐ.எம்.எம்.8ஏ, எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது பழுதானால் வருவது மோர்-டிரேன்பியார்க் நோய்: ஆண் பிள்ளைகளுக்கு முதலில் செவித்திறன் குறைந்து, பின்னர் தசை முறுக்கமும், வளர்ந்த பிறகு பார்வைக் குறைவும் தலைகாட்டும்.

தம்பியைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னை இந்தத் திசையில் யோசிக்க வைத்தது. எக்ஸ் குரோமோசோம் பழுது தாய் வழியே வந்து, பெரும்பாலும் ஆண்களையே தாக்கும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. கோளாறும் தாய்வழியில்தான் வரும். ஆனால் அது ஆண், பெண் பார்ப்பதில்லை. இதை மட்டும் வைத்து நோயை முடிவு செய்துவிட முடியாது என்பதால்தான் சோதனை.

மரபணுவின் ஒரு பகுதியே அறுந்து போயிருக்கிறதா என்பதையும் பார்க்கும்படி ஆய்வகத்தில் கேளுங்கள். அடுத்துள்ள பி.டி.கே. மரபணுவும் சேர்ந்து போயிருந்தால் நோயெதிர்ப்புச் சக்தி குறையும். எனவே மகனுக்கு அடிக்கடி காதில் சீழோ நிமோனியாவோ வந்ததுண்டா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை; கழுத்து முறுக்கத்தைத் தணிக்க மாத்திரைகளும் போட்டாக்ஸ் ஊசியும் உண்டு. காக்ளியர் இம்ப்ளான்ட் (உட்காதில் பொருத்தும் செவிக்கருவி) யோசனை இருந்தால் முடிவு வரும்வரை பொறுங்கள். இந்நோயில் பழுது செவிநரம்பில் இருப்பதால் பலன் எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நோய் உறுதியானால், உங்களுக்கு மகளோ சகோதரிகளோ இருந்தால் அவர்களும்கூட மரபியல் ஆலோசனை பெற வேண்டியிருக்கும்; ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸுக்கோ வேறு நரம்பியல் மையத்துக்கோ போகும்போது, தம்பியின் பழைய ஆடியோகிராம் (செவித்திறன் பரிசோதனை அறிக்கை) இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.