'விதவை வரி' நீங்க ஏன் அத்தனை ஆண்டுகள் ஆயின?

கேள்வி: அமெரிக்காவில் எல்லாக் கட்சியினரும் எதிர்த்த 'விதவை வரி'யை ஒழிக்க முன்னாள் படைவீரர் சங்கங்கள் ஏன் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது?

முதலில், அது வரியே அல்ல. ஓய்வுபெற்ற வீரர் தம் ஓய்வூதியத்திலிருந்து 6.5 சதவீதம் சந்தா கட்டி வந்தால், அவர் இறந்தபின் அந்த ஓய்வூதியத்தில் 55 சதவீதம் வாழ்க்கைத்துணைக்குக் கிடைக்கும். இறப்புக்கு ராணுவப் பணி காரணமென்றால் படைவீரர் நலத்துறை தனி இழப்பீடும் தரும். இந்த இழப்பீட்டை அந்த 55 சதவீதத்தில் டாலருக்கு டாலர் கழித்தார்கள். சந்தா கட்டி வாங்கிய உரிமையில் கைவைத்தது பெரிய அநியாயம்.

ஆதரவுக்குப் பஞ்சமில்லை, செலவுதான் முட்டுக்கட்டை. புதிய நிரந்தரச் செலவுக்கு ஈடாக வேறிடத்தில் வெட்டோ புதிய வருவாயோ காட்ட வேண்டும் என்பது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விதி. தனி மசோதாக்கள் அங்கேயே தேங்கின.

2019-இல் கீழவை ஒரு விதி கொண்டுவந்தது: 290 உறுப்பினர்கள் இணைந்து ஆதரித்தால் குழுவில் முடங்கிய மசோதாவும் அவைக்கு வர வழி உண்டு. இறந்த படைவீரர்களின் வாழ்க்கைத்துணைகளுக்கான கோல்ட் ஸ்டார் வைவ்ஸ் போன்ற சங்கங்களின் விடாமுயற்சியோடு, கீழவை உறுப்பினர் ஜோ வில்சன் இந்தக் கழிப்பை நீக்கக் கொண்டுவந்த மசோதா அந்த எண்ணிக்கையைத் தாண்டியது. ஆனால் உண்மையில் கரை சேர்த்தது, ஆண்டுதோறும் நிறைவேறிவிடும் பாதுகாப்பு அங்கீகாரச் சட்டத்தில் அதைச் சேர்த்ததுதான். 2019 டிசம்பர் 20 அன்று கையெழுத்தானது. இழப்பீட்டுக்காகக் கழிக்கும் தொகை 2021-இல் குறையத் தொடங்கி, 2023-இல் முழுதும் நீங்கியது.