கிளட்ச் கவர் போல்ட் இறுகாமல் சுற்றுகிறதா?

கேள்வி: என் 150 சிசி பைக்கில் கிளட்ச் கவரைப் பிடிக்கும் 6 எம்.எம். போல்ட்களில் ஒன்று இறுகவே மாட்டேன் என்கிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்தில் ஆயிலும் கசிகிறது. மெக்கானிக் 8 எம்.எம். போல்ட்டுக்கு மரை அடித்துத் தருவதாகச் சொல்கிறார். நண்பர் எம்-சீல் வைத்து இறுக்கச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம். துளைக்குள் இருக்கும் மரை தேய்ந்துபோனதால்தான் போல்ட் இப்படிச் சுற்றுகிறது. முதலில் எம்-சீல் விஷயம். 6 எம்.எம். போல்ட்டைச் சரியான அளவுக்கு, அதாவது சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் இறுக்கினால், அது கவரை ஏறத்தாழ 800 கிலோ எடைக்கு ஈடான விசையோடு இழுத்துப் பிடிக்கிறது. சூடான ஆயில் படும் இடத்தில் அந்த இழுவையைப் பசை தாங்காது. பிறகு சரியான முறையில் பழுது பார்க்கலாம் என்றாலும், துளைக்குள் ஒட்டிய பசையைச் சுரண்டுவதே பெரும்பாடு.

பட்டறைக்குப் போகும் முன் ஒன்றைப் பாருங்கள். பல எஞ்சின்களில் துளை ஆழமாக இருக்கும், போல்ட் அதன் அடிவரை போகாது. மெல்லிய கம்பியை விட்டுத் துளையின் ஆழத்தை அளந்து, போல்ட்டின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். அடியில் போல்ட் படாத மரை மிச்சமிருந்தால் 5 எம்.எம். கூடுதல் நீளமுள்ள போல்ட்டைப் போட்டாலே வேலை முடிந்துவிடும். ஆனால் அது துளையின் அடியைத் தொடக் கூடாது. தொட்டால் கவர் இறுகாது, அதற்கு மேலும் முறுக்கினால் எஞ்சினின் அலுமினிய வார்ப்பு விரிசல் விடும்.

மிச்ச மரை இல்லையென்றால் ஹெலிகாயில்தான் என் பரிந்துரை. பேனா ஸ்பிரிங் போலச் சுருட்டிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி அது. துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள டேப்பால் (மரை வெட்டும் கருவி) புது மரை வெட்டி, இந்தச் சுருளை உள்ளே திருக வேண்டும். சுருளின் உட்புறம் பழைய 6 எம்.எம். மரை அப்படியே கிடைக்கும். அலுமினியத்தைப் பிடிக்கும் வெளிப்புறம் அகலமாக இருப்பதால் பிடி பழையதைவிட வலுவாகவே அமையும். இனி போல்ட்டை எத்தனை முறை கழற்றினாலும் தேய்வது அலுமினியம் அல்ல. 8 எம்.எம். போல்ட்டில் இந்த லாபம் இல்லை. மரை மீண்டும் வெறும் அலுமினியம்தான், போதாக்குறைக்குக் கவரின் துளையையும் பெரிதாக்க வேண்டும்.

இந்த வேலையில் கெட்டுப்போவது பெரும்பாலும் டிரில் போடும்போதுதான். 6 எம்.எம். போல்ட்டுக்கு 6.3 எம்.எம். பிட் வேண்டும். கை டிரில்லில் பிட் சாய்ந்தால் போல்ட்டும் சாயும். கவரின் துளையில் அந்த பிட் ஆடாமல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் கவரை மற்ற போல்ட்களால் பொருத்திவிட்டு, அதன் துளை வழியாகவே டிரில் போடுங்கள். கவரே பிட்டை நேராகப் பிடித்துக்கொள்ளும். பழைய துளையின் ஆழத்தை பிட்டில் ஒட்டுநாடா சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள், அதைத் தாண்டினால் கிராங்க் கேஸில் (எஞ்சினின் அடிக்கூடு) ஓட்டை விழலாம்.

பிறகு கவரைக் கழற்றி, எஞ்சினுக்குள் தூள் விழாதபடி துணியால் அடைத்துவிட்டு டேப் அடியுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இடையிடையே மண்ணெண்ணெய் விடுங்கள், டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் பூசினால் தூள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு டேப்பை உள்ளே உடைத்துவிட்டால் அதை எடுப்பது மரையைச் சரிசெய்வதைவிடக் கடினம்.

துளையைச் சுத்தமாக ஊதிவிட்டுச் சுருளை ஏற்றுங்கள். போல்ட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 9 எம்.எம். நீளச் சுருள் பெரும்பாலும் போதும். துளை ஆழமாக இருந்தால் 12 எம்.எம். போடலாம். சுருளை ஏற்றும் கருவியை அழுத்தாதீர்கள், திருகினால் போதும். அழுத்தினால் சுருள் ஒரு மரையைத் தாண்டிக் குதித்துவிடும். மேல்பரப்பிலிருந்து கால் முதல் அரைச் சுற்று கீழே இறங்கியதும் நிறுத்துங்கள். அடியில் குறுக்காக நிற்கும் சிறு கொக்கியை நீள்மூக்குக் குறடால் மேலும் கீழும் அசைத்து உடைத்து, மறக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள்.

புது கேஸ்கட் போட்டு, எல்லா போல்ட்டையும் கையால் திருகி ஏற்றிய பின், எதிரெதிர் வரிசையில் இரண்டு மூன்று தவணையாக இறுக்குங்கள். எவ்வளவு முறுக்கம் என்பது உங்கள் பைக்கின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். முறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: 10 செ.மீ. நீளப் பிடியின் நுனியில் சுமார் 10 கிலோ விசை கொடுத்தால் 10 நியூட்டன் மீட்டர். நீள ஸ்பேனரைப் பிடித்துத் தொங்குவதால்தான் இந்த மரைகளில் பாதி போகின்றன.

துளையைச் சுற்றிய வார்ப்பே விரிந்திருந்தால் ஹெலிகாயில் நிற்காது. அலுமினிய டிக் வெல்டிங் தெரிந்தவரிடம் நிரப்பி, புதிதாகத் துளையிட்டு மரை வெட்ட வேண்டும். அங்கேயும் சுருள் போட்டே வாங்குங்கள்.