வெறும் வயித்துல 118, மூணு மாச சுகர் 8.4: லேப் தப்பா?

மும்பை செம்பூர்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரருக்கு 52 வயசு, சுகருக்கு மெட்ஃபார்மின், கிளிமிப்பிரைடுன்னு ரெண்டு மாத்திரை சாப்பிடுறார். வெறும் வயித்துல சுகர் 118 தான், ஆனா எச்பிஏ1சி, அதான் மூணு மாச சுகர், 8.4னு கூடுதலா வந்திருக்கு, லேப் தப்பா போட்டுட்டாங்களான்னு சந்தேகம். அவங்க அபார்ட்மென்ட் சொசைட்டில ஃப்ரீ கேம்ப் போட்டவர் ஒரு பொடிய குடுத்து இத சாப்பிட்டா மாத்திரைய நிறுத்திடலாம்னு சொல்றாராம்.

லேப் பெரும்பாலும் தப்பு இல்லம்மா. வெறும் வயித்து ரிசல்ட் அன்னைக்கு காலைல எப்படி இருந்துச்சுன்னு மட்டும் தான் சொல்லும், எச்பிஏ1சி ரெண்டு மூணு மாசத்து சராசரி, பகல்ல ராத்திரில ஏறுனது எல்லாம் அதுல சேரும். அந்தேரி ஆபீஸ்ல நாலு கட்டிங் சாய், நடுவுல ஒரு வடாபாவ், லோக்கல் ட்ரெயின்ல தொங்கிட்டு வந்து ராத்திரி பத்து மணிக்கு சாதம், உடனே படுக்கை, இதெல்லாம் காலைல ஊசி குத்துறப்போ தெரியாது. டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி வாயக் கட்டுறவங்களும் இருக்காங்க, அப்போ 118 வரத்தான் செய்யும். கேழ்வரகுக் கஞ்சி சுகருக்கு நல்லதுன்னு டம்ளர் டம்ளரா குடிக்கிறதும் வேணாம், கஞ்சியா கரைச்சா சீக்கிரமா ஏத்தும்.

ஒரே ஒரு விஷயம் பாத்துக்கணும், ரத்தசோகை. இரும்புச்சத்து கம்மியா இருந்தா எச்பிஏ1சி உண்மைய விட கூடுதலா காட்டலாம், ரத்தம் ஏத்தியிருந்தாலோ சமீபத்துல நிறைய ரத்தம் போயிருந்தாலோ கம்மியா காட்டலாம். மூலத்துல ரத்தம் போறத வெக்கப்பட்டு வருஷக்கணக்கா சொல்லாம இருக்கிற ஆம்பளைங்க நிறைய பேர், அதனால அவர்கிட்ட நேரா கேளுங்க, ஹீமோகுளோபின் ஒரு தடவ பாத்துடுங்க, கம்மியா இருந்தா ஏன்னு கண்டுபிடிச்சே ஆகணும், அது சுகர விட பெரிய விஷயமா கூட இருக்கலாம்.

இப்போ அந்தப் பொடி. தயவுசெஞ்சு வேணாம். இந்த மாதிரி பொடி சிலதுல சுகர் மாத்திரையவே அரைச்சு கலந்திருக்கிறத லேப்ல புடிச்சிருக்காங்க, அதனால தான் முதல் வாரம் சுகர் இறங்குது, ஜனங்களும் நம்பிடுறாங்க. உங்க வீட்டுக்காரர் ஏற்கனவே கிளிமிப்பிரைடு சாப்பிடுறார், அதுக்கு மேல இதுவும் சேந்தா சுகர் ஒரேயடியா இறங்கி வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், ட்ரெயின் படில நிக்கிற மனுஷனுக்கு அது உயிர் போற விஷயம். அப்படி ஆனா மூணு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கரைச்சு உடனே குடுக்கணும், மயங்கிட்டா வாய்ல எதுவும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடணும். சர்க்கரை நோய குணமாக்குறோம்னு விளம்பரம் பண்ணவே கூடாதுன்னு 1954லயே சட்டம் போட்டாச்சு, ஆனா சொசைட்டி கேட்டுக்குள்ள பேனர் கட்டி விக்கிறான், கேக்க ஆள் இல்ல. ஆஸ்பத்திரி ஓபிடில டாக்டருக்கும் ரெண்டு நிமிஷம் தான், ரிப்போர்ட்ல இருக்கிற நம்பர் என்னன்னு உங்களுக்கு யாரும் சொல்றதில்ல, அந்த இடத்துல தான் இந்த ஆளுங்க நாற்காலி போட்டு பொறுமையா உக்காந்து பேசுறாங்க. மாத்திர செலவு தான் கஷ்டம்னா அரசாங்கத் திட்டத்துல நடக்கிற ஜன் ஔஷதி மருந்துக் கடைல அதே மருந்து கம்மி விலைக்கு கெடைக்கும்.

ஒரு வாரம் ராத்திரி சாப்பாட்ட எப்பவும் போல சாப்பிட்டு, மாத்திரையும் போட்டு, முதல் வாய் வெச்ச நேரத்துல இருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு குளுக்கோமீட்டர்ல பாருங்க, என்ன சாப்பிட்டார்னு பக்கத்துலயே எழுதுங்க. அடுத்த வாரம் சாதத்த பாதியாக்கி காய கூட்டி, சாப்பிட்டதும் பில்டிங்க சுத்தி கால் மணி நேரம் நடந்துட்டு அதே மாதிரி பாருங்க. ரெண்டு தாளையும் டாக்டர்கிட்ட காட்டுங்க, மாத்திரைய கூட்டுறதா குறைக்கிறதான்னு அவர் அத வெச்சு சொல்லுவார்.