நான்காவது மேசை அக்கா

அன்புள்ள அண்ணாச்சி,

கங்கைகொண்டானில் மிக்ஸி பூட்டும் சிறிய ஆலையொன்றில் வேலை பழகும் பயிற்சி ஊழியனாக இருக்கிறேன். லைனில் ஆறு மேசைகள். ஒரு மிக்ஸிக்கு ஒவ்வொரு மேசையும் எடுக்கும் நேரத்தை ஒரு வாரம் குறித்தேன்: 62, 78, 55, 104, 70, 66 நொடிகள். ஷிப்டில் இடைவேளை போக 420 நிமிடம். 300 மிக்ஸி கேட்கிறார்கள், 240ஐத் தாண்டுவதில்லை. நான்காவது மேசை அக்கா வயர் முனையைச் சீவி, அதில் லக் என்னும் உலோக முனையை அடித்து, சுவிட்சைப் பொருத்தி இணைக்கிறார். சீவி லக் அடிக்க மட்டும் 22 நொடி. அவர் முன்னால் எப்போதும் குவிந்து கிடக்கிறது. ஆளை மாற்று என்கிறார் சூப்பர்வைசர். என்ன செய்யலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அந்த அக்கா அங்கேயே இருக்கட்டும்.

420 நிமிடம் என்பது 25,200 நொடி. 300ஆல் வகுத்தால் 84. எனவே 84 நொடிக்கு ஒரு மிக்ஸி லைனைவிட்டு இறங்க வேண்டும். இதற்கு டேக்ட் டைம் என்று பெயர். ஜெர்மன் மொழியில் தாளத்தைக் குறிக்கும் சொல். நடுவில் ஒரு மேசை 104 நொடி எடுக்கும்போது மற்ற ஐந்து பேர் பறந்தாலும் 242க்கு மேல் வராது. நீங்கள் 240 எடுக்கிறீர்கள். அந்த அக்கா மூச்சுவிடக்கூட நிற்கவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம். சூப்பர்வைசர் திட்டுவது லைனிலேயே அதிகம் உழைப்பவரை!

ஆறு மேசை நேரத்தையும் கூட்டினால் 435. அதை 84ஆல் வகுத்தால் ஐந்தும் சொச்சமும். ஆறு பேர் தாராளம். பங்கு பிரித்ததில்தான் கோணல்.

முக்கூடலில் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் பீடி சுற்றும் ஒரு லைன் ஓடியது. அத்தை இலை வெட்டுவாள், அம்மா தூள் வைத்துச் சுற்றி நூல் கட்டுவாள், ஆச்சி தலையை மடக்கி 25 பீடியாக எண்ணிக் கட்டுப் போடுவாள். சாயங்காலம் ஆனால் ஆச்சி முன்னால்தான் குவியல். கண் மங்கிவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம், ஆச்சி உட்பட. ஒருநாள் அத்தை கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, கட்டுப் போடும் வேலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குவியல் கரைந்தது. ஆச்சியின் கண் அப்படியேதான் இருந்தது.

உங்கள் லைனில் அத்தை மூன்றாவது மேசையில் இருக்கிறார். அவருக்கு 55 நொடி வேலைதான். வயர் சீவி லக் அடிப்பதை அங்கே தள்ளுங்கள். மூன்றாவது 77, நான்காவது 82. எல்லா மேசையும் 84க்குள் வந்துவிடும். கணக்குப்படி 307 மிக்ஸி. எல்லா வேலையையும் இப்படி நகர்த்த முடியாது. மோட்டார் உட்காரும் முன் சுவிட்சை இணைக்க வழியில்லை. ஆனால் வயர் முனை எதற்கும் காத்திருப்பதில்லை. எது எதற்குப் பின்னால்தான் வர வேண்டும் என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்துகொண்டால், எது நகரும், எது நகராது என்று தெரிந்துவிடும்.

தினமும் 307 வரும் என்று மேலே சொல்லிவிடாதீர்கள். 82க்கும் 84க்கும் நடுவில் இரண்டே நொடி; ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்தால் அது போயிற்று. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில் இரண்டு மூன்று மிக்ஸி எப்போதும் இருக்கட்டும். அந்தச் சின்னக் குவியல் நல்லது.

மேசையின் உயரத்தையும் பாருங்கள். 1913இல் ஃபோர்டு தொழிற்சாலையில் ஒருவர் தனியாக 20 நிமிடத்தில் பூட்டிய மேக்னட்டோவை (கார் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி) 29 வேலைகளாகப் பிரித்தார்கள். 13 நிமிடம் 10 நொடியாகக் குறைந்தது. மறு ஆண்டு லைனை எட்டு அங்குலம் உயர்த்தினார்கள். ஏழு நிமிடம்! குனிந்த முதுகுகள் நிமிர்ந்ததற்கே அவ்வளவு. உங்கள் அக்கா ஸ்க்ரூ டப்பாவுக்கு எத்தனை முறை எட்டிப் பிடிக்கிறார் என்று எண்ணியிருக்கிறீர்களா?

மாற்றும் முன் மூன்றாவது மேசைக்காரரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். 22 நொடி வேலை கூடுவது அவருக்குத்தான். அறிவிப்புப் பலகையைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. சூப்பர்வைசர் அப்போதும் பிடிவாதம் பிடித்தால், அரை மணி நேரம் நான்காவது மேசையில் அவரை உட்காரச் சொல்லுங்கள். ஸ்டாப்வாட்ச் அக்காவின் கையில் இருக்கட்டும்.