புல்லட் ரயில் பாதையைச் செலவு குறைத்துப் போடும் புது முறைகளுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

கேள்வி: அதிவேக ரயில் பாதையைக் குறைந்த செலவில் அமைக்கும் புதிய முறைகளுக்கு நிதி எங்கிருந்து வருகிறது? நம்ம ஊர் சின்னப் பட்டறைகளுக்கு அதில் இடம் உண்டா?

பதினான்கு வருடமாக மேம்பாலத்துக்குக் கான்கிரீட் ஊற்றிப் பிழைக்கிறவன் நான். புல்லட் ரயில் வேலையில் நேரடியாக இருந்ததில்லை. மெட்ரோ பாலங்கள்தான் எனக்குச் சோறு போட்டன. ஆனால் பாதையின் செலவில் பெரும்பங்கு தூணிலும், தூண்களின் மேல் உட்காரும் கர்டரிலும் (கான்கிரீட் உத்தரம்)தான் போகிறது என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

நிதி என்றதும் ஆராய்ச்சி மானியம், ஸ்டார்ட்அப் போட்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவையும் உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் களத்தில் உண்மையிலேயே செலவையும் நாளையும் குறைத்த முறைகளுக்குப் பணம் வந்த வழி வேறு. டெண்டர் பேப்பரில் ‘புதுமை’ என்ற வார்த்தையே இல்லாமல், வேலையின் நீளத்துக்குள் அந்தப் பணம் இருந்தது.

மும்பை–ஆமதாபாத் பாதையையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 508 கிலோமீட்டர், அதில் சுமார் 460 கிலோமீட்டர் தூண் மேல் போகிறது. தரையில் போட்டிருந்தால் சுமார் 36 மீட்டர் அகல நிலம் வேண்டும். மேலே தூக்கினால் 17.5 மீட்டர் போதும். அதனால் பாலம் வந்தது. பாலம் வந்ததும் அடுத்த கேள்வி: இத்தனை ஆயிரம் ஸ்பானை (ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரையான பாலத் துண்டு) எப்படி ஏற்றுவது?

நாங்கள் மெட்ரோவில் செய்வது செக்மென்ட் முறை. ஒரு ஸ்பானைப் பத்துப் பன்னிரண்டு துண்டுகளாக யார்டில் வார்த்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் டிரெய்லரில் ஊருக்குள் கொண்டுவந்து, தூண்களின் மேல் நிற்கும் லாஞ்சிங் கேன்ட்ரி என்ற தூக்கி இயந்திரத்தில் தொங்கவிட்டு, எபாக்ஸி பசை பூசி ஒட்டி, உள்ளே கேபிள் இழுத்து இறுக்குவோம். எல்லாம் ஒழுங்காக நடந்த வாரத்தில் நாங்கள் இரண்டு ஸ்பான் முடித்திருக்கிறோம். அந்த வாரம் பிரியாணி போட்டார்கள் என்பதிலிருந்து அது எவ்வளவு அபூர்வம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

குஜராத்தில் செய்வது முழு ஸ்பான் முறை. 40 மீட்டர் கர்டரை ஒரே துண்டாக, நடுவில் இணைப்பே இல்லாமல் வார்க்கிறார்கள். சுமார் 390 கன மீட்டர் கான்கிரீட், 42 டன் கம்பி, மொத்த எடை சுமார் 970 டன். இதை எந்த ரோட்டிலும் கொண்டுபோக முடியாது. அதனால் பாதையை ஒட்டியே யார்டு. ஸ்ட்ராடில் கேரியர் கர்டரை அச்சிலிருந்து எடுத்து அடுக்கும். பிரிட்ஜ் கேன்ட்ரி மேலே தூக்கி வைக்கும். கர்டர் டிரான்ஸ்போர்ட்டர், ஏற்கெனவே போட்ட பாலத்தின் மேலேயே சுமந்துகொண்டு போகும். முனையில் நிற்கும் லாஞ்சிங் கேன்ட்ரி வாங்கி அடுத்த இரண்டு தூண்களில் உட்கார வைக்கும். செக்மென்ட் முறையைவிடப் பத்து மடங்கு வரை வேகம் என்கிறது திட்டத்தை நடத்தும் தேசிய அதிவேக ரயில் கழகம். 2025 மே மாதம் 300 கிலோமீட்டர் பாலம் முடிந்தபோது, அதில் 257 கிலோமீட்டர் இப்படிப் போட்டதுதான்.

இந்த இயந்திரங்கள் செய்யப்பட்டது காஞ்சிபுரத்தில். 1,100 டன் தூக்கும் ஸ்ட்ராடில் கேரியரும் டிரான்ஸ்போர்ட்டரும் எல் அண்ட் டியின் அங்குள்ள ஆலையில் வடிவமைத்துச் செய்யப்பட்டு, 2021 செப்டம்பரில் கொடியசைத்து அனுப்பப்பட்டன. 55 சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்கள் அதில் கூட வேலை செய்திருக்கின்றன. இத்தாலி, நார்வே, கொரியா, சீனா மாதிரிச் சில நாடுகள்தான் அதுவரை இதைச் செய்துகொண்டிருந்தன.

பணம் யார் கொடுத்தது? 2020 நவம்பரில் எல் அண்ட் டியோடு கையெழுத்தான சி-4 என்ற ஒரே ஒப்பந்தம் 237 கிலோமீட்டர் நீளம், சுமார் 25,000 கோடி ரூபாய். அந்தத் தூரத்தில் பாதிக்குத்தான் 40 மீட்டர் கர்டர் என்று வைத்தால்கூட மூவாயிரம் கர்டர். இயந்திரத்தின் விலையை மூவாயிரத்தால் வகுத்துப் பாருங்கள். அதே இயந்திரத்தைப் பத்து கிலோமீட்டர் மெட்ரோ பேக்கேஜுக்கு வாங்கினால், முந்நூற்றுச் சொச்சம் ஸ்பான், அதிலும் வளைவு, ஸ்டேஷன், குறுக்கே ஓடும் ஃப்ளைஓவர் என்று ஒவ்வொன்றும் ஒரு அளவு. எந்த முதலாளி வாங்குவான்? 237 கிலோமீட்டரை இருபது துண்டாக்கி இருபது பேருக்குக் கொடுத்திருந்தால், இருபது பேரும் என்னைப் போல ராத்திரியில் எபாக்ஸி பூசிக்கொண்டிருந்திருப்பார்கள். (பெரிய பேக்கேஜ் என்றால் போட்டிபோட ஆள் குறைவு, சின்ன கான்டிராக்டர்களுக்கு வாசலே கிடையாது. அந்தக் குறை நியாயமானது.)

சீனா இதை முன்னாலேயே செய்துவிட்டது. உலக வங்கி 2014-இல் போட்ட கணக்கில், மணிக்கு 350 கிலோமீட்டர் வேகப் பாதைக்கு அங்கே ஒரு கிலோமீட்டருக்கு 1.7 முதல் 2.1 கோடி டாலர், ஐரோப்பாவில் 2.5 முதல் 3.9 கோடி. கூலி குறைவு என்பது ஒரு காரணம்தான். 32 மீட்டர், 900 டன் கர்டர் என்று ஒரே அளவை நாடு முழுக்க வைத்துக்கொண்டதும், அடுத்த பல வருடத்துக்கு வேலை உறுதி என்று தெரிந்ததும், ஒரு பாதைக்கு வாங்கிய இயந்திரத்தை அடுத்த பாதைக்குக் கொண்டுபோக முடிந்ததும் பெரிய காரணங்கள்.

கடன் கொடுக்கிறவர்கள் பங்கு என்ன? மும்பை பாதைக்கு ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா, அப்போதைய மதிப்பீடான 1.08 லட்சம் கோடியில் 81 சதவீதத்தைக் கடனாகத் தர ஒத்துக்கொண்டது. வட்டி 0.1 சதவீதம், 50 வருடத் தவணை, முதல் 15 வருடம் அசல் கட்ட வேண்டாம். மீதிக்கு மத்திய அரசும் குஜராத், மகாராஷ்டிர அரசுகளும் பங்குதாரர்கள். யென்னில் வாங்கிய கடன், ரூபாயில் வசூலிக்கும் டிக்கெட் என்பது தனிக் கதை. ஆனால் கடன் கொடுக்கிறவருக்குப் புதுமை என்றாலே வயிற்றைக் கலக்கும் என்பதை மறக்க வேண்டாம். அதற்குச் சரியான உதாரணம் ஜப்பானே.

டோக்கியோ–ஒசாகா ஷிங்கான்சென்னுக்கு 1961-இல் உலக வங்கி 8 கோடி டாலர் கொடுத்தது. சோதனை நிலையில் இருக்கும் தொழில்நுட்பத்துக்கு வங்கி கடன் கொடுக்காது. ஜப்பான் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிடெயோ சொன்ன வாதம், இதில் எதுவுமே புதிது இல்லை, ஏற்கெனவே ஓடிப் பார்த்தவற்றைச் சேர்த்துக் கட்டுகிறோம், அவ்வளவுதான் என்பது. உலகின் முதல் அதிவேக ரயிலுக்கு, ‘புதுசு இல்லை’ என்று சொல்லித்தான் கடன் கிடைத்தது! செலவு முதலில் சொன்ன சுமார் 20,000 கோடி யென்னிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. ரயில்வே தலைவர் சோகோ ஷின்ஜியும் ஷிமாவும் 1963-இல் பதவி விலகினார்கள். 1964 அக்டோபரில் ரயில் ஓடியபோது தொடக்க விழாவுக்கு இருவருக்கும் அழைப்பு இல்லை.

இனி, இந்தப் புது முறையின் இன்னொரு பக்கம். நிலம் கைக்கு வராமல் இயந்திரம் நிற்பது என்றால் என்ன என்று செக்மென்ட் வேலையிலேயே நான் பார்த்தவன். சில வருடம் முன் நாங்கள் செய்த ஒரு பாதையில், ஒரே ஒரு மனை கோர்ட்டில் மாட்டிக்கொண்டது. ஒரு தூண் எழும்பவில்லை. கேன்ட்ரி பதினோரு வாரம் வெயிலில் நின்றது. ஆபரேட்டருக்குச் சம்பளம், ஜெனரேட்டருக்கு டீசல், காவலுக்கு ஆள். கடைசியில் கழற்றி, அந்தப் பக்கம் கொண்டுபோய் மாட்டினோம். அதற்கே ஒரு மாதம். ஆனால் கழற்ற முடிந்தது, மாற்றி வேலை செய்ய முடிந்தது.

முழு ஸ்பான் முறையில் அந்தச் சௌகரியம் கிடையாது. 970 டன் கர்டர் போகிற வழியே போட்டு முடித்த பாலம்தான். நடுவில் ஒரு தூண் இல்லையென்றால் அதற்கு அப்பால் எதுவும் நகராது. முறை எவ்வளவு வேகமோ, அவ்வளவுக்கு அது தொடர்ச்சியான நிலத்தைக் கேட்கிறது. சி-4 டெண்டர் திறக்கும்போது அந்தப் பகுதியில் 80 சதவீதத்துக்கும் மேல் நிலம் கையில் வந்திருந்தது. அதனால்தான் அங்கே இயந்திரம் ஓடியது. திட்டம் முழுவதற்கும் பார்த்தால், 2017 செப்டம்பரில் அடிக்கல். எல்லா நிலமும் கைக்கு வந்தது 2024 ஜனவரியில்.

கலிஃபோர்னியாவின் அதிவேக ரயில் திட்டத்தில் நிலமும், அடியில் ஓடும் குழாய், கேபிள்களை மாற்றும் ஒப்பந்தங்களும் தயாராகும் முன்பே கட்டுமானத்தைத் தொடங்கினார்கள். 2018-இல் அந்த மாநிலத் தணிக்கையாளர், அந்த அவசரமும் சேர்ந்துதான் 60 கோடி டாலர் கூடுதல் செலவு வந்தது, இன்னும் 160 கோடி வரும் என்று எழுதினார். அதைப் படித்தபோது எங்கள் பதினோரு வாரம்தான் நினைவுக்கு வந்தது. நிலத்தை முன்கூட்டியே வாங்கிவைக்க ஒதுக்கும் பணத்தை யாரும் புதுமைக்கான நிதி என்று சொல்வதில்லை. என் கணக்கில் முதல் நிதி அதுதான்.

அதேபோல யாரும் கவனிக்காத ஒன்று சர்வே. மும்பை பாதைக்கு விமானத்தில் லேசர் கருவி, அதாவது லைடார், வைத்து அளந்தார்கள். தரையில் அளந்தால் பத்துப் பன்னிரண்டு மாதம் ஆகியிருக்கும் வேலை சுமார் 12 வாரத்தில் முடிந்தது.

சரி, நேரடி மானியங்கள். ஐரோப்பாவில் ஷிஃப்ட் டு ரெயில் என்ற கூட்டமைப்புக்கு 2014 முதல் ஐரோப்பிய ஒன்றியம் 45 கோடி யூரோ கொடுத்தது, மீதியைக் கம்பெனிகள் போட்டு மொத்தம் 92 கோடி. அதற்கு அடுத்து 2021-இல் வந்த யூரோப்ஸ் ரெயிலுக்கு ஒன்றியத்தின் பங்கு 60 கோடி. அது அதிவேகப் பாதைக்கு மட்டுமில்லை, ரயில் துறை முழுக்கவும். அதே ஒன்றியம் அதிவேகப் பாதைகள் கட்ட 2000-லிருந்து கொடுத்தது 2,370 கோடி யூரோ. 2018-இல் அவர்களுடைய தணிக்கை நீதிமன்றம் பார்த்தபோது, வடிவமைத்த வேகத்தில் சராசரியாக 45 சதவீதத்தில்தான் ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. 300-க்குக் கட்டி 135-இல் ஓட்டுவது மாதிரி. பல இடங்களில் பழைய பாதையைச் சீர்செய்திருந்தாலே போதும், கோடிக்கணக்கில் மிஞ்சியிருக்கும் என்றார்கள். குறைந்த செலவுக்கு ஆராய்ச்சி வேண்டும்தான்; எங்கே அந்த வேகம் தேவையே இல்லை என்று சொல்லவும் ஒரு ஆள் வேண்டும்.

நம் பக்கம், ஐஐடி மெட்ராஸின் ஹைப்பர்லூப்புக்கு (காற்றை உறிஞ்சிய குழாய்க்குள் ஓடும் வண்டி) ரயில்வே அமைச்சகம் 2022-இல் 8.34 கோடி ஒதுக்கியது. தையூர் வளாகத்தில் 422 மீட்டர் சோதனைக் குழாய் வந்துவிட்டது. மாணவர்கள் செய்வது எனக்குப் பிடிக்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சென்னை–பெங்களூர்–மைசூர் பாதை என்று ஒன்று வந்தால் (435 கிலோமீட்டர், ஆய்வுப் பட்டியலில் வெகுநாளாக இருக்கிறது) அது குழாயில் வராது, கர்டர் மேல்தான் வரும்.

என் வாதத்துக்கு நல்ல சாட்சி பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்) 2024 அக்டோபரில் இரண்டு அதிவேக ரயில்களுக்கு பொதுத்துறை நிறுவனமான பி.இ.எம்.எல்-லுக்குக் கொடுத்த ஆர்டர். எட்டு எட்டுப் பெட்டி, வடிவமைப்பு வேகம் 280, மொத்தம் 866.87 கோடி. பெட்டிக்கு 27.86 கோடி என்று பேப்பரில் வந்ததும் விலை அதிகம் என்று கத்தினார்கள். மொத்தம் 866.87 கோடியில் பெட்டிகளின் விலை போக, ஒருமுறை ஆகும் வடிவமைப்புச் செலவு, ஜிக், ஃபிக்சர் (பாகங்களைப் பிடித்துவைக்கும் சட்டங்கள்), சோதனை வசதிகள் எல்லாம் அடக்கம். அவை பின்னால் வரும் அதிவேக ரயில்களுக்கும் பயன்படும். ஆர்டருக்குள்ளேயே ஆராய்ச்சிப் பணத்தை வைத்துக் கொடுப்பது என்பது இதுதான்.

உங்கள் இரண்டாவது கேள்வி, சின்னப் பட்டறைகள். ரயில்வே 2022 ஜூனில் கொண்டுவந்த ஸ்டார்ட்அப் கொள்கையில் 1.5 கோடி வரை மானியம் வைத்தார்கள். சரிபாதி பட்டறை போட வேண்டும், பணம் கட்டம் கட்டமாக வரும், கண்டுபிடிப்பின் உரிமை பட்டறைக்கே என்பது ஏற்பாடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷட்டரிங் (கான்கிரீட் ஊற்றும் அச்சு) பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் இதை ஆர்வமாகச் சொன்னேன். வெல்டிங் கண்ணாடியைத் தலைமேல் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்: “சரிபாதின்னா, என் பாதிக்கு நான் எங்க தம்பி போவேன்? இருநூறு பீஸ் ஆர்டர் வாங்கிக் கொடு. அச்சு நானே செஞ்சுக்கறேன்.”

அதனால் உங்களிடம் ஒரு பட்டறை இருந்தால் நான் சொல்வது: மானியத்துக்கு எழுதிப் போடுங்கள், தப்பில்லை. அதோடு பெரிய கான்டிராக்டர்களின் வெண்டர் பதிவை முடித்துவிடுங்கள். வெல்டர்களுக்குத் தகுதிச் சான்று, கம்பிக்கும் தகட்டுக்கும் மில் டெஸ்ட் சர்டிஃபிகேட், அளவுக் கருவிகளுக்கு காலிபிரேஷன், இவை மூன்றும் ஃபைலில் இல்லாமல் போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள். பில் பணம் வர மூன்று மாதம் ஆகும், அதற்குத் தகுந்த மாதிரி ஓவர்டிராஃப்ட் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் அப்படித்தான் போனார். இப்போது ஒரு மெட்ரோ யார்டுக்கு எண்ட் பிளேட் (அச்சின் முனைத் தகடு) செய்துகொண்டிருக்கிறார், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பிசகக் கூடாது என்று தினமும் என்னிடம் புலம்பிக்கொண்டே.