கொட்டகையில் உருவாகும் விமானம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் தனிமனிதர்கள் தம் வீட்டுக் கார் கொட்டகையிலேயே விமானம் கட்டிப் பறப்பதையும், அவற்றை அங்கே 'சோதனை விமானம்' என்று வகைப்படுத்துவதையும் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

'சோதனை விமானம்' என்றால் சோதிக்கப்படாத விமானம் என்றுதானே பொருள்? அதில் ஏறிப் பறக்க ஓர் அரசாங்கம் எப்படி அனுமதிக்கிறது? (மதுரை வாசகர்)

பெயர்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். தொழிற்சாலையில் தயாராகும் விமானத்தின் வடிவமைப்பு, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ வைக்கும் தேர்வுகள் அனைத்திலும் தேறி வகைச் சான்றிதழ் பெறுகிறது. அதன்பின் அதே வடிவமைப்பில் வெளிவரும் ஒவ்வொரு விமானமும் அந்த ஒரே சான்றிதழின் பேரில் பறக்கிறது. வீட்டில் கட்டிய விமானத்துக்கு இத்தகைய வகைச் சான்றிதழ் கிடையாது. ஒரே வரைபடத்தைப் பார்த்து இருவர் கட்டினாலும் அவை சட்டத்தின் பார்வையில் இரண்டு தனித்தனி விமானங்களே. எனவே ஆராய்ச்சி விமானங்களையும் பந்தய விமானங்களையும் வைத்திருக்கும் 'எக்ஸ்பெரிமென்டல்' (சோதனை) என்ற பிரிவிலேயே இவற்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். விமானத்துக்குள் ஏறும் வாயிலருகே அந்தச் சொல்லைக் குறைந்தது 2 அங்குல உயர எழுத்துகளில் எழுதி வைக்க வேண்டும்.

அனுமதிக்கான முதன்மை நிபந்தனை ஒன்றுதான். விமானத்தின் பெரும்பகுதியைக் கட்டுபவர்களே, தங்கள் கல்விக்காக அல்லது பொழுதுபோக்குக்காக மட்டுமே, உருவாக்கிப் பூட்டியிருக்க வேண்டும். பேச்சுவழக்கில் இதை '51 சதவீத விதி' என்கிறார்கள். எஞ்சின், ப்ரொபெல்லர், சக்கரங்கள், மின்னணுக் கருவிகள் ஆகியவற்றைக் கடையில் வாங்கலாம். பணம் கொடுத்துப் பிறரை முழு விமானத்தையும் கட்டச் சொல்லிவிட்டுத் தம் பெயரில் பதிவு செய்ய முயன்றால் அது விதிமீறலாகும். கட்டியவர் தாமே என்பதை நிறுவ, நாள்தோறும் எழுதிய குறிப்பேட்டையும் வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். அவ்வாறு நிறுவியவர் பழுதுபார்ப்பவர் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, தம் விமானத்தின் ஆண்டுச் சோதனையைத் தாமே செய்துகொள்ளலாம். விமானத்தை விற்றால் இந்த உரிமை வாங்கியவருக்குப் போகாது.

இந்த ஏற்பாடு நிலைபெற்றதில் பால் போபெரெஸ்னிக்குப் பெரும் பங்கு உண்டு. 1953இல் விஸ்கான்சின் மாநிலத்தில் அவர் தொடங்கிய ஈஏஏ என்ற சோதனை விமானச் சங்கம், 1970 முதல் அம்மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில் ஆண்டுதோறும் கோடையில் விமானத் திருவிழா நடத்திவருகிறது.

அலுமினியம், மரம், கண்ணாடியிழை என்று மூன்று வழிகளைச் சொல்லியிருந்தீர்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு எது பொருந்தும்? எவ்வளவு காலம் ஆகும்? (ஓசூர் வாசகர், லேத் பட்டறை நடத்துபவர்)

நீங்கள் உலோகத்தோடு பழகியவர் என்பதால் அலுமினியத்தையே சொல்வேன். ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் தொடங்கிய, வீட்டில் கட்டுவதற்கான பாகங்களை விற்கும் வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி வரிசை விமானங்கள் 10,000க்கும் மேல் கட்டி முடிக்கப்பட்டுப் பறந்திருக்கின்றன. ஒரு வடிவமைப்பை முன்பே ஆயிரக்கணக்கானோர் கட்டியிருந்தால், அதில் தவறக்கூடிய இடங்கள் எல்லாம் ஏற்கெனவே யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கும். புதியவருக்கு இதைவிடப் பெரிய துணை வேறில்லை.

இந்த விமானங்களின் தோல், ஏறத்தாழ 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள 2024-டி3 என்ற அலுமினியக் கலவைத் தகடு. துளை போட்டு, 'கிளீக்கோ' என்னும் தற்காலிகப் பிடிப்பான்களால் தகடுகளைப் பொருத்திப் பார்த்து, மீண்டும் பிரித்து, ஒவ்வொரு துளையின் பிசிறையும் நீக்கி, தகடுகளை நிரந்தரமாக இணைக்கும் ரிவெட் ஆணியின் தலை மேற்பரப்போடு சமமாக அமரும்படி துளையின் விளிம்பைக் குழித்து, மறுபடியும் பொருத்தி, அதன் பிறகே ரிவெட் அடிக்க வேண்டும். ஒருவர் காற்றுச் சுத்தியலைப் பிடிக்க, மற்றவர் பின்புறம் கனத்த இரும்புக் கட்டையை அண்டக் கொடுப்பார். அடித்து முடிந்தபின் பின்புறத்தில் உருவாகும் தலையின் அகலம் ரிவெட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கும், உயரம் அந்த விட்டத்தில் பாதியும் இருக்க வேண்டும். தப்பாக அடித்த ரிவெட்டைத் துளையிட்டு எடுத்துவிட்டு வேறொன்றை அடிப்பது வெட்கப்பட வேண்டிய செயலன்று. அப்படியே விட்டுவிட்டு வண்ணம் பூசுவதுதான் வெட்கக்கேடு.

பிசிறு விஷயத்தில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். மற்ற வாசகர்கள் கேட்கலாம். பறக்கும்போது ஓயாமல் அதிரும் தகட்டில் விரிசல் பெரும்பாலும் துளை விளிம்பிலுள்ள கீறலிலிருந்தே தொடங்கும். வான்ஸ் நிறுவனமே இதில் அடிபட்டது. வழக்கமான குத்துத்துளைக்குப் பதிலாக லேசரால் துளையிட்ட பாகங்களில், விளிம்பைக் குழிக்கும்போது விரிசல் தோன்றுவதாகத் தெரியவந்து, ஏராளமான பாகங்களை மாற்றித்தரும் பொறுப்பு அந்நிறுவனத்தின் தலையில் விழுந்தது. வேறு நெருக்கடிகளும் சேர்ந்துகொள்ள, 2023 டிசம்பரில் அது திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்று, மறு ஆண்டில் மீண்டு வந்தது.

காலத்தைப் பொறுத்தவரை, ஆர்வி-7 போன்ற இருவர் விமானத்துக்கு 1,500 முதல் 2,000 மணி நேர உழைப்பு தேவைப்படும் என்பது பொதுவான கணக்கு. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று தவறாமல் உழைத்தாலும் இரண்டரை ஆண்டு முதல் மூன்று ஆண்டுக்கு மேல் வரை ஆகும். அப்படித் தவறாமல் உழைக்க முடிந்தவர்கள் குறைவு. வால், இறக்கை, உடல், முடிப்பு வேலை எனத் தொகுதி தொகுதியாகத்தான் பாகங்கள் விற்கப்படுகின்றன. முதலில் வால் தொகுதியை மட்டும் வாங்கிக் கட்டிப் பாருங்கள். கைவிட வேண்டிய நிலை வந்தாலும் இழப்பு அதோடு நின்றுவிடும்.

கண்ணாடியிழை வழி 1970களில் அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ருட்டான் புகழ்பெறச் செய்தது. நுரைப்பலகையைச் சூடான கம்பியால் இறக்கை வடிவில் அறுத்து, அதன்மேல் கண்ணாடியிழைத் துணியை எபாக்சிப் பிசினில் தோய்த்துப் படியவைக்கும் முறை அது. அச்சு வார்க்கத் தேவையில்லை. ஆனால் தேய்த்துத் தேய்த்து மேற்பரப்பைச் சமன்செய்யும் வேலை முடிவில்லாதது. பிசினின் ஒவ்வாமையும் சிலருக்கு வந்துவிடுகிறது.

வரைபடத்தில் இருப்பதை அப்படியே கட்ட வேண்டுமா? சொந்தமாகச் சில மேம்பாடுகள் செய்தால் என்ன? (கோவை வாசகர்)

செய்யலாம், சட்டம் தடுக்காது. தடுக்காததாலேயே இரண்டு பழைய கதைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரான்சில் ஆன்றி மின்யே என்பவர் 1933இல் 'வானத்துப் பேன்' என்று பொருள்படும் பெயருடைய சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். பெட்டி செய்யத் தெரிந்தவருக்கு இதையும் செய்யத் தெரியும் என்ற நம்பிக்கையில் பிரான்சிலும் பிரிட்டனிலும் பெருந்திரளானோர் அதைக் கட்டினர். முன்னும் பின்னுமாக இரண்டு இறக்கைகள். முன்னிறக்கையைச் சாய்ப்பதால்தான் மூக்கு ஏறும், இறங்கும். மூக்கு ஓரளவுக்கு மேல் கவிழ்ந்துவிட்டால், ஓட்டுபவர் பிடியை எவ்வளவு பின்னுக்கு இழுத்தாலும் இரு இறக்கைகளுக்கிடையே பாயும் காற்று பின்னிறக்கையை மேலே தூக்கி, கவிழ்வை இன்னும் கூட்டியது. பலர் இறந்தபின் காற்றுச் சுரங்கத்தில் முழு அளவு விமானத்தை வைத்துச் சோதித்தபோதே இது புலப்பட்டது. வடிவமைப்பைத் திருத்திய பின்வந்த வகைகள் நன்றாகவே பறந்தன. குறை கட்டியவர்களின் கையில் இல்லை, வரைபடத்திலேயே இருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

மற்றது இதற்கு நேர்மாறானது. வரைபடம் சரி, மாற்றம் தவறு. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே கடற்கரையருகே ருட்டான் வடிவமைத்த லாங்-ஈசி விமானத்தை ஓட்டிச் சென்றபோது அது விழுந்து இறந்தார். அதைக் கட்டியவர் வேறொருவர். டென்வர் அதைப் பழையதாக, அண்மையில்தான் வாங்கியிருந்தார். இடது, வலது எரிபொருள் தொட்டிகளுக்கிடையே மாற்றும் வால்வு, வரைபடப்படி ஓட்டுபவரின் கால்களுக்கிடையே இருக்க வேண்டும். எரிபொருள் குழாய் ஓட்டுபவரின் அறைக்குள் வரக்கூடாது என்று கருதிய கட்டுநர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அந்தக் கருத்தில் நியாயமில்லாமல் இல்லை. ஆனால் அதைத் திருப்ப உடம்பை முறுக்கிப் பின்னால் திரும்ப வேண்டும். திரும்பும்போது வலது கால் தன்னையறியாமல், விமானத்தைப் பக்கவாட்டில் திருப்பும் சுக்கான் மிதியை அழுத்தும். விபத்தை ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், எரிபொருளைப் போதிய அளவு நிரப்பாமல் கிளம்பியதையும், அந்த வகை விமானத்தில் டென்வருக்கு இருந்த குறைந்த பயிற்சியையும், வால்வின் இடத்தையும், அதில் அடையாளக் குறிகள் இல்லாததையும் சேர்த்தே சுட்டிக்காட்டியது. அவருக்கு விமானம் ஓட்டிய அனுபவம் 2,700 மணி நேரத்துக்கும் மேல் இருந்தது.

நீங்கள் என்ன மாற்ற நினைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இருக்கையின் துணியென்றால் தாராளமாக மாற்றுங்கள். எரிபொருள், கட்டுப்பாட்டுக் கம்பிகள், எடைப் பங்கீடு ஆகிய மூன்றில் ஒன்றென்றால், முதலில் வடிவமைப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள்.

கார் எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறதே, அதைப் பொருத்தக்கூடாதா? (சிவகாசி வாசகர்)

பொருத்தியிருக்கிறார்கள். மினசோட்டாவின் பெர்னார்ட் பீட்டன்பால், 1920களின் இறுதியிலேயே ஃபோர்ட் மாடல்-ஏ எஞ்சினை வைத்து ஏர் கேம்பர் என்ற விமானத்தைப் பறக்கவிட்டார்; இன்றும் அதைக் கட்டுகிறார்கள். இன்றைய கார் எஞ்சினில் உள்ள சிக்கல் வேறு. அது நிமிடத்துக்கு 5,000 சுற்றையொட்டித்தான் முழுத் திறனைத் தரும். ஆறடி ப்ரொபெல்லரை அந்த வேகத்தில் சுற்றினால் அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டி, இழுவிசைக்குப் பதில் இரைச்சலைத்தான் தரும். ஆகவே இடையில் வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரப் பெட்டி தேவை. எடை, அதிர்வு, பழுது எல்லாம் அதோடு கூடவே வரும். சிறுவிமானங்களுக்கான லைகாமிங் எஞ்சின்கள் 2,700 சுற்றிலேயே முழுத் திறனைத் தருவதால் ப்ரொபெல்லரை நேரடியாகப் பூட்டிவிடலாம். மலிவு என்று தொடங்கியவர்கள் பலர் கடைசியில் விமான எஞ்சினுக்கே திரும்பியிருக்கிறார்கள்.

பல ஆண்டு உழைத்துக் கட்டிய ஒருவர்தானே முதல் முறை அதை ஓட்டத் தகுதியானவர்? (சேலம் வாசகர்)

உணர்ச்சியளவில் ஆம் என்பேன். மற்றபடி பெரும்பாலும் இல்லை. கொட்டகையில் மூன்று நான்கு ஆண்டு கழித்தவர் அந்தக் காலத்தில் மிகக் குறைவாகவே பறந்திருப்பார். கையில் ரிவெட் அடிக்கும் பழக்கம் ஏறியிருக்கும், தரையிறக்கும் பழக்கம் இறங்கியிருக்கும். 2012இல் வெளியான தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் ஆய்வு, அமெரிக்கத் தனியார் சிறுவிமானங்களில் ஏறத்தாழ 10 சதவீதமே இத்தகையவை என்றும், 2011இன் உயிரிழப்பு விபத்துகளில் 21 சதவீதம் இவற்றில் நேர்ந்தது என்றும் கூறியது. எஞ்சின் நின்றுபோவதும் கட்டுப்பாடு இழப்பதுமே முதன்மைக் காரணங்கள். விமானத்தின் தொடக்க மணி நேரங்களில் விபத்துகள் அதிகம் என்பதோடு, விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கு மேல் பழையதாக வாங்கியவை என்பதையும் அதே ஆய்வு எடுத்துச் சொன்னது.

எனவே முதல் பறப்புக்கு முன் அதே வகை விமானத்தில் பயிற்சி பெறுவது நல்லது. விமானத்தை ஏறுமுகக் கோணத்தில் நிறுத்தி, எஞ்சின் முழு வேகத்தில் கேட்கும் எரிபொருளைவிட, ஈர்ப்பால் பாயும் அமைப்பில் ஒன்றரை மடங்கும் பம்ப் அமைப்பில் ஒன்றேகால் மடங்கும் குழாய் முனையில் வருகிறதா என்று ஜாடி வைத்து அளக்க வேண்டும். மூன்று சக்கரங்களையும் தராசுகளில் ஏற்றி நிறுத்தி, ஈர்ப்பு மையத்தைக் கணக்கிட வேண்டும். 2014 முதல், தகுதியுள்ள இரண்டாவது விமானி ஒருவர், பயணிகளை ஏற்ற அனுமதியில்லாத தொடக்கச் சோதனைக் காலத்திலேயே உடன் பறக்க எஃப்ஏஏ வழிசெய்திருக்கிறது. அந்த இருக்கையைக் காலியாக விடுவதில் ஒரு வீரமும் இல்லை.

நம் நாட்டில் இப்படி யாராவது செய்திருக்கிறார்களா? (தஞ்சாவூர் வாசகர்)

மும்பையின் காந்திவலியில், தம் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் ஒன்றை விமானி அமோல் யாதவ் கட்டினார். 2016இல் அது மும்பைக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 2017இல் பதிவு எண் கிடைத்தது. பறக்கும் அனுமதிக்கு 2019 வரை காத்திருக்க நேர்ந்தது. இங்கே கட்டுவதைவிடக் கோப்பை நகர்த்துவது கடினம் என்று அதைக் கொண்டு சொல்லலாம். ஆயினும், நகரமொன்றின் மேலே ஆறு பேர் விமானத்தைப் பறக்கவிட அதிகாரி தயங்குவதை நான் முழுவதும் குறைசொல்ல மாட்டேன். சிறிய, ஏற்கெனவே நிலைபெற்ற வடிவமைப்போடு தொடங்குபவருக்குக் கேள்விகளும் குறைவாகவே இருக்கும்.

அமெரிக்காவில் வசிக்கும் என் மகன் கட்டத் தொடங்கியிருக்கிறான். முடிந்ததும் எங்களை அதில் ஏற்றிச் செல்வதாகச் சொல்கிறான். எப்போது ஏறலாம்? (நாகர்கோவில் வாசகி)

அம்மா, எஞ்சினும் ப்ரொபெல்லரும் சான்றிதழ் பெற்ற ஒரே இணையாக இருந்தால் 25 மணி நேரமும், இல்லையென்றால் 40 மணி நேரமும், குறிக்கப்பட்ட வான்பகுதிக்குள் சோதனைப் பறப்பு நடத்துவதே வழக்கம். அதுவரை பயணிகளை ஏற்றக்கூடாது. அதன்பின் ஏறலாம். ஏறியதும் கண்ணெதிரே ஒரு சிறு பலகை இருக்கும். இது பொழுதுபோக்காகக் கட்டப்பட்ட விமானம், வழக்கமான விமானங்களுக்குரிய அரசின் பாதுகாப்பு விதிகளுக்கு இது இணங்கியதன்று என்று அதில் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு, சோதனைக் காலத்தில் எதையெதைத் திருத்தினான் என்று மகனிடம் கேளுங்கள். குறிப்பேட்டைப் புரட்டி ஒவ்வொன்றாகக் காட்டினால் வார்ப்பட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். திருத்த எதுவுமே இருக்கவில்லை என்று சொன்னால், அன்றைக்குக் காரிலேயே போய்வாருங்கள்.